75 கிராம் விளமீன்

பாளையங்கோட்டையில் ஒரு மீன்கடைக்குப் போய், "75 கிராம் துண்டா வெட்டித் தாங்க" என்று கேட்டுப் பாருங்கள். நான் நான்கு கடைகளில் கேட்டேன். ஒருவர் காதில் விழாததுபோல அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். இன்னொருவர், "நகைக்கடைக்குப் போங்க அண்ணாச்சி" என்றார். மற்ற இருவரும் சரி என்று சொல்லிவிட்டுக் கண்ணளவில் வெட்டிக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் நிறுத்துப் பார்த்தால் ஒரு துண்டு 50 கிராம், இன்னொன்று 140. ஐந்தாவது கடையில் இருந்த அம்மாதான் தராசைத் துடைத்துக்கொண்டே, "துண்டுக்கு 75-ஆ, இல்ல மொத்தமே 75-ஆ அண்ணாச்சி?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். சிறுநீரகக் கோளாறு உள்ள நான் ஒன்றரை வருஷமாக வாரம் மூன்று நாள் அங்கேதான் வாங்குகிறேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கே.டி.சி. நகர்ப் பக்கம், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருமுனை. வேப்பமரம், நீலத் தார்ப்பாய், இரண்டு மேசை, மூன்று ஐஸ் பெட்டி, வெட்டுக்கட்டை, டிஜிட்டல் தராசு. கடைக்காரம்மாவுக்கு உவரிப் பக்கம் சொந்த ஊர். தம்பி விடியுமுன் கரையில் ஏலம் எடுத்து, திசையன்விளை வழியாக லோடு ஆட்டோவில் ஏற்றி வருவார். ஏழு மணிக்குக் கடை விரிப்பார்கள். பதினொரு மணிக்கெல்லாம் மேசையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள்.

எனக்கும் திசையன்விளைதான் ஊர். ஆச்சி காலத்தில் கடற்கரையிலிருந்து ஓலைக் கடவத்தில் தலைச்சுமையாக மீன் வரும். அப்புறம் சைக்கிள், அப்புறம் எக்ஸ்எல் வண்டி. மீன் இல்லாத சோறு என்பது எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சோறு மட்டும்தான். தபால் துறையில் 34 வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். வயது 62. சர்க்கரை பதினாறு வருஷமாக இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலில் வீக்கம் வந்து ரத்தம் எடுத்தபோது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 2.1, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் 35. சிறுநீரக நோயின் ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டது என்றார்கள்.

செய்தி தெரிந்ததும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். எல்லாரும் ஒரே குரலில் சொன்னது ஒன்று: "கிட்னிக்காரங்க கவிச்சியே தொடக் கூடாது." நம்பினேன். ஏழு மாதம் மீனைத் தொடவில்லை. கஞ்சி, ரசம், சுரைக்காய் என்று ஓடியது. எடை ஐந்து கிலோ இறங்கியது. மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கியது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்திருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "யார் உங்களை இப்படிப் பட்டினி கிடக்கச் சொன்னது?" என்று கேட்டு, டயட்டீஷியனிடம் அனுப்பினார்.

அந்த அம்மா ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை இங்கே சொல்லாவிட்டால், மீன்கடையில் நான் ஏன் கிராம் கணக்குப் பார்க்கிறேன் என்பது உங்களுக்குப் புரியாது.

நாம் தின்னும் புரதம் உடம்பில் சிதைந்து யூரியாவாகிறது. அதை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. அது பழுதுபட்டிருக்கும்போது புரதம் கூடினால் வேலையும் கூடும். ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு தன் சதையையே கரைக்கத் தொடங்கும். அதனால் டயாலிசிஸ் வரை போகாத என்னைப் போன்றவர்களுக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்று வைக்கிறார்கள். நான் 62 கிலோ. ஆகவே 50 கிராம். இட்லி ஒன்றில் ஏறத்தாழ 2 கிராம். சோறு, காய், காலையும் மாலையும் பால் விட்ட காபி, ராத்திரி தோசை என்று கூட்டினால் மீன் இல்லாமலே 35 கிராம் ஆகிவிடுகிறது. மீதம் 15. பச்சை மீனில் 100 கிராமுக்கு 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. ஆக 75 கிராம் மீன் என்றால் சுமார் 14 கிராம். அதுதான் என் துண்டு. அந்த நாளில் பருப்பும் கிடையாது, முட்டையும் கிடையாது.

"தாராளமா மீன் சாப்பிடுங்க. ஆனா துண்டை நிறுத்துச் சாப்பிடுங்க" என்றார் அந்த அம்மா. ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி பக்கத்தில் இருந்தாள், அவளுக்கும்தான்.

இனி கடைக்கு வருகிறேன்.

முதல் சிறப்பு நிறுவை. மீன்கடை வழக்கப்படி முழு மீனை நிறுத்துத்தான் காசு. செதில், செவுள், குடல், தலை எல்லாம் போன பிறகு கைக்கு வருவது எவ்வளவோ குறைந்திருக்கும். நமக்கு வேண்டியது அந்தக் கடைசி எடை. இந்த அம்மா முழு மீனுக்குக் காசு வாங்கிக்கொண்டு, கழுவி வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி தராசில் வைக்கிறார். 75-க்கு 80 வந்தால் ஓரத்தில் ஒரு சீவு சீவி எடுத்து, என் மனைவிக்கான பொட்டலத்தில் போடுகிறார். தலையும் வால் துண்டும் அவளுக்கும் மகனுக்கும். என் துண்டுகளைத் தனியாக வாழை இலையில் மடித்து, நான் கொண்டுபோகும் தூக்குச்சட்டியில் வைத்துத் தருகிறார். இதற்குத் தனிக்கூலி ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை. கேட்டால், "அண்ணாச்சிக்கு வெட்டுததுல என் கை நிதானத்துக்கு வருது" என்கிறார்.

இரண்டாவது, மீன் எப்போது வந்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்கிறார். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். சாளையும் அயிலையும் சூரையும் ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் சேர்ந்து, தின்றவுடன் முகம் சிவந்து அரிப்பெடுக்கும். சமைத்தாலும் அது போகாது. நல்ல உடம்புக்காரனே திண்டாடுவான், வாந்தியும் பேதியும் வந்து உடம்பில் நீர் வற்றினால் எங்கள் சிறுநீரகம் தாங்காது. ஒரு நாள் நல்ல பளபளப்பான அயிலை கிடந்தது. கை வைக்கப் போனேன். "அது வேண்டாம் அண்ணாச்சி, நேத்து மத்தியானச் சரக்கு. பொரிக்குதவங்க கொண்டு போவாங்க. உங்களுக்கு நாளைக்கு எடுத்து வைக்கேன்" என்றார். அன்று எனக்கு விற்காமல் விட்ட அந்த அயிலைக்காகத்தான் இந்தக் கடையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை. அந்த இரண்டு மாதமும் பல இடங்களில் எங்கிருந்தோ லாரியில் வந்த மீனை "கரை மீன்" என்று விற்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே வள்ளத்து மீன், அதாவது நாட்டுப்படகு மீன், வந்தால் கடை உண்டு, வராவிட்டால் தார்ப்பாய் சுருட்டிக் கிடக்கும். போன மே மாதத்தில் பதினோரு நாள் வெறுங்கையோடு திரும்பினேன். வருத்தம்தான். ஆனால் விரித்திருந்த நாளில் வாங்கியதில் ஒரு துண்டுகூடச் சந்தேகமாக இருந்ததில்லை.

மூன்றாவதாக உப்பு. இதை எழுதத்தான் எனக்கு அவசரம்.

நம் பக்கம் மீன் கழுவும் முறையே கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்ப்பது. கடைகளிலும் அதுதான், வீட்டிலும் அதுதான். எனக்கு ஒரு நாளைக்கு அனுமதித்த உப்பு எல்லாமாகச் சேர்த்து 5 கிராம். சமமாக வழித்த ஒரு டீஸ்பூன். அதில் 2 கிராம் சோடியம் இருக்கிறது. இட்லி மாவில், சட்னியில், மோரில் போனது போக மீனுக்கென்று மிஞ்சுவது ஒரு சிட்டிகை. நான் கேட்டுக்கொண்ட பிறகு, என் மீனுக்கு மட்டும் எலுமிச்சைத் தோலும் மஞ்சளும் வைத்துத் தேய்த்து, மூன்று தண்ணீர் விட்டு அலசுகிறார்கள். வழவழப்பான மீன் என்றால் கொஞ்சம் தவிடு. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், புதிதாக வந்த பையன் வழக்கம்போல உப்பை அள்ளிப் போட்டுத் தேய்த்துவிட்டான். வீட்டில் நாக்கில் பட்டதும் தெரிந்தது. அடுத்த முறை சொன்னேன். அந்த அம்மா மழுப்பவில்லை. "எங்க தப்புதான் அண்ணாச்சி" என்று சொல்லி, அன்றைய துண்டுகளுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு என் மீனைத் தன் கையாலேயே கழுவுகிறார்.

இதே உப்பு விஷயத்தில் வெளியே நான் பட்ட அனுபவத்தையும் சொல்ல வேண்டும். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், புறவழிச்சாலை ஓட்டல் ஒன்றில் உப்பில்லாமல் ஒரு துண்டு மீன் சுட்டுத் தரச் சொன்னேன். சரி என்றார்கள். வந்தது மசாலாவில் ராத்திரி முழுக்க ஊறிய துண்டு. பசியில் தின்றுவிட்டேன். மறுநாள் காலையில் செருப்பு காலில் ஏறவில்லை. பொரித்த மீன் எந்த ஓட்டலிலும் முன்கூட்டியே உப்பு மசாலா தடவித்தான் இருக்கும். அவர்கள் நினைத்தாலும் அதை எடுக்க முடியாது. அதனால் வெளியே மீன் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டேன்.

உப்புக்குப் பதிலாக இந்துப்பு போடுங்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதிலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பது எங்களுக்கு அதைவிட ஆபத்து. சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். எனக்குப் பொட்டாசியம் ஒருமுறை அளவு மீறி 5.4 வரை ஏறியது. அன்றிலிருந்து இளநீரும் வாழைப்பழமும் இல்லை. திருநெல்வேலி வெயிலில் இளநீர்க் கடையைத் தாண்டி நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

சரி, என்ன மீன் வாங்கலாம்? இந்தக் கடையில் நான் வாங்குவதை வைத்துச் சொல்கிறேன்.

விளமீன்தான் எனக்கு முதல் தேர்வு. வெள்ளைச் சதை, பெரிய முள், உடையாமல் வேகும். முக்கால் கிலோ மீன் எடுத்தால் எனக்கு இரண்டு நாள் துண்டும் வீட்டாருக்கு ஒரு நேரமும் வரும். நான் கடைசியாகக் கொடுத்த விலை கிலோ 520 ரூபாய். பாறையும் நல்லதுதான், ஆனால் குட்டிப் பாறை வேண்டாம், வெட்டினால் துண்டு நிற்காது. நெய்மீன், சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பது, அளவுக்கு வெட்ட இதைவிட வசதியான மீன் கிடையாது. வட்டத் துண்டு நினைத்த எடைக்கு அப்படியே வரும். விலைதான் ஆயிரத்தைத் தொடுகிறது. மாதம் ஒருமுறை வாங்குகிறேன். சூரையில் சதை கெட்டி, புரதமும் கூட. அதனால் அது வாங்கும் நாளில் 60 கிராமோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சாளை பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மத்தி என்று வடக்கே சொல்வார்களே, அதேதான். எங்கள் சீமையில் ஏழை பணக்காரன் எல்லார் வீட்டிலும் மணக்கும் மீன். ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருக்கிறது, இதயத்துக்கு நல்லது. சிறுநீரக நோயாளிக்கு இதயக் கோளாறும் கூடவே வரும் என்பதால் அது எங்களுக்கும் வேண்டியதுதான். சிக்கல் முள்ளில் இருக்கிறது. நெத்திலியையும் பொடிச் சாளையையும் முள்ளோடு மென்று தின்பதுதான் நம் வழக்கம். எலும்பு என்றாலே பாஸ்பரஸ். சிறுநீரகம் தளர்ந்தால் பாஸ்பரஸ் ரத்தத்தில் தங்கி, தோல் அரிக்கும், நம் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கழன்று போகும், ரத்தக் குழாயில் போய்ப் படியும். அதனால் நடுத்தரச் சாளையாகப் பார்த்து மூன்று எடுத்து, கடைக்காரம்மாவிடமே நடுமுள்ளை உருவச் சொல்லிவிடுவேன். வாலைப் பிடித்து ஒரு இழு இழுப்பார், முள் சீப்பு மாதிரி முழுசாக வந்துவிடும். அந்தக் கைப்பழக்கம் கடற்கரையில் பிறந்தவர்களுக்குத்தான் வரும். நெத்திலியை நான் விட்டுவிட்டேன். அது எனக்கு ஒரு இழப்புதான், மறைக்கவில்லை.

இறால் இந்தக் கடையில் எப்போதாவது வரும். வந்தால் ஐந்தாறு வாங்குவேன். பெரிய கடைகளில் விற்கும் உறைந்த இறாலையும் முள் நீக்கிய மீன் துண்டுகளையும் பற்றி ஒரு எச்சரிக்கை. பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் 450, 451, 452 என்ற எண்களோ பாஸ்பேட் என்ற சொல்லோ இருக்கிறதா என்று பாருங்கள். சதை தண்ணீரை விடாமல் இருக்கச் சேர்க்கும் உப்புகள் அவை. மீனில் இயற்கையாக உள்ள பாஸ்பரசில் ஏறக்குறையப் பாதிதான் உடம்பில் சேரும். இப்படிச் சேர்த்த பாஸ்பரஸ் ஏறக்குறைய முழுசாக உள்ளே போய்விடும். முள் எடுக்கும் தொல்லை இல்லையே என்று மகன் ஒருமுறை வாங்கி வந்தான். எண்ணைப் பார்த்ததும் அதை அவனுக்கே சமைத்துப் போட்டாள் என் மனைவி.

இந்தக் கடையில் குளத்து மீனும் உண்டு. சனிக்கிழமைகளில் கட்லாவும் ரோகுவும் வரும். ஒரு சனிக்கிழமை பெரியவர் ஒருவர் வந்து, கட்லாவின் பித்தப்பையை மட்டும் தனியாக எடுத்துத் தரச் சொன்னார். பச்சையாக விழுங்கினால் சர்க்கரை குறையுமாம், யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரம்மா பித்தப்பையைக் கழிவுத் தொட்டியில் எறிந்துவிட்டு, "அது விசம் தாத்தா, கேக்காதிய" என்றார். பெரியவருக்குக் கோபம். நான் இடையில் புகுந்து சொன்னேன். கெண்டை இன மீன்களின் பித்தநீரில் இருக்கும் நஞ்சு, நன்றாக இருக்கும் சிறுநீரகத்தையே இரண்டு மூன்று நாளில் செயலிழக்க வைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. இப்படி விழுங்கிவிட்டு டயாலிசிசுக்கு வந்தவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். பெரியவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அரை கிலோ மீன் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அவர் அதற்கப்புறம் வேறெங்கும் போய்க் கேட்டிருக்கக் கூடாதே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தண்ணீர் டிரம்மில்தான். காலை ஒன்பதரைக்கு மேல் போனால் அந்தத் தண்ணீரின் நிறம் எனக்குப் பிடிப்பதில்லை, அதனால் எட்டு மணிக்குள் போய்விடுவேன். வெட்டுக்கட்டைக்கு மேல் ஈ மொய்க்கிறது. மேசைக்கு ஒரு வலைமூடி போடுங்கள் என்று மூன்று முறை சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் துண்டு நிறுத்துத் தரச் சொல்லிக் கேட்கவே மனம் வராது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். என்னைப் போன்றவர்கள் செவ்வாய், வியாழனில் போவது நல்லது. விலை மார்க்கெட்டைவிடக் கிலோவுக்கு 30, 40 ரூபாய் கூடத்தான். வண்டி நிறுத்த இடமில்லை.

இன்னொன்று, கடையின் இடது ஓரத்தில் கருவாடு தொங்குகிறது. அதன் மணம் எனக்கு ஆச்சியின் அடுக்களையைக் கண்முன் கொண்டுவந்துவிடும். ஒரு கைப்பிடிக் கருவாட்டில் எனக்குரிய ஒரு நாள் உப்பு முழுவதும் இருக்கும். ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுசாக இறங்காது. நான் வலது பக்கமாகவே போய் நிற்கிறேன்.

வாங்கி வந்த மீனை என் மனைவி எப்படிச் சமைக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குப் பயன்படும். எங்கள் வீட்டில் முன்பு தேங்காயை மையாக அரைத்து, புளியைக் கெட்டியாகக் கரைத்து, தக்காளி, முருங்கைக்காய் எல்லாம் போட்டு மீன்குழம்பு வைப்போம். தேங்காய், தக்காளி, புளி, முருங்கைக்காய் எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறது. இப்போது சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், கொஞ்சம் மல்லி வறுத்து அரைத்துக் குழம்பு கூட்டுகிறாள். புளிப்புக்கு ஒரு கீற்று மாங்காய், அது இல்லாத காலத்தில் சுண்டைக்காய் அளவு புளி. தேங்காய் ஒரு ஸ்பூன்தான். முக்கியமான மாற்றம் உப்பில். குழம்பு உப்பில்லாமலே கொதிக்கும். என் துண்டும் இரண்டு கரண்டிக் குழம்பும் தனியாக எடுத்த பிறகுதான் சட்டியில் உப்பு விழும். கடைசியில் போட்டால் மீனில் உப்புப் பிடிக்காது என்று மகன் குறைப்பட்டான். இப்போது சட்டியை மூடி ஒரு மணி நேரம் வைத்துச் சாப்பிடுகிறார்கள், சரியாகிவிட்டது.

மற்ற நாட்களில் தோசைக்கல் மீன். எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், மஞ்சள், நசுக்கிய பூண்டு, கறிவேப்பிலை. அரை மணி ஊறவைத்து, நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டு, சிறு தீயில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட வேண்டும். எடுத்து வைத்த பிறகு மேலே ஒரு சிட்டிகை உப்பு. மேலே கிடக்கும் உப்பு நேராக நாக்கில் படுவதால், கொஞ்சமே போட்டாலும் போதுமானதாக இருக்கிறது. இதை டயட்டீஷியன் சொல்லவில்லை, என் மனைவி கண்டுபிடித்தது. புது மீனாக இருந்தால் மட்டும்தான் இந்தப் பக்குவம் எடுபடும். பழைய மீனின் வாடையை மறைக்கத்தான் நமக்கு அவ்வளவு உப்பும் புளியும் வேண்டியிருக்கிறது என்பது இந்தக் கடை மீனைத் தின்ற பிறகு எனக்குப் புரிந்தது.

என் அளவை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் குடும்பத்திலேயே அதற்கு நேர்மாறான கணக்கு ஒன்று இருக்கிறது. அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், வாரம் மூன்று நாள் டயாலிசிசுக்குப் போகிறார். டயாலிசிசில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும்போது அழுக்கோடு புரதத்தின் கூறுகளும் போய்விடுகின்றன. அதனால் அவருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். அவர் 58 கிலோ. எனக்கு 75 கிராம் துண்டு என்றால் அவருக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் மீன் தின்னச் சொல்லியிருக்கிறார்கள். கூடவே பாஸ்பரசைப் பிடித்து நிறுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்கிறார். குழம்பைத்தான் தொடமாட்டார், அவருக்குத் தண்ணீருக்கும் அளவு உண்டு. இது தெரியாமல் என் பத்தியத்தைக் கேட்டு அவரும் ஒரு மாதம் மீனைக் குறைத்திருந்தார். ஒரு ஊசிக்குப் போன இடத்தில் நர்ஸ் திட்டியிருக்கிறார். "மாப்ளே, ரெண்டு பேருக்கும் ஒரே நோவுன்னுல்லா நெனச்சேன்" என்று போனில் சொன்னார். அந்த ஒரு மாதம் அவர் மெலிந்ததற்கு நானும் காரணம் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன். உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து உங்கள் டாக்டர் சொல்வதுதான் உங்கள் அளவு.

இப்போது கடையில் "அண்ணாச்சி துண்டு" என்றால் 75, "அத்தான் துண்டு" என்றால் 150. ஐஸ் பெட்டியின் மூடியில் சாக்பீஸால் அந்த இரண்டு எண்ணையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

போன வியாழக்கிழமை என் முறைக்குக் காத்து நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், கையில் ஆஸ்பத்திரிப் பை. "அம்மாவுக்குக் கிட்னி கம்ப்ளைன்ட். இங்க அளந்து வெட்டித் தருவீங்கன்னு சொன்னாங்க. சின்னத் துண்டா ஒரு நாலு குடுங்க அக்கா" என்றாள். கடைக்காரம்மா விளமீனைக் கட்டையில் வைத்து, கத்தியை ஓங்கியவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"டயாலிசிஸ் ஆரம்பிச்சாச்சாம்மா, இல்லையா?"

"இன்னும் இல்லக்கா."

"டாக்டர் எவ்வளவு மீன் திங்கச் சொன்னாக?"

அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. கேட்கவில்லை என்றாள்.

"கேட்டுட்டு வாம்மா. மீன் எங்கயும் போயிராது, ஐஸ்ல வைக்கேன்" என்று சொல்லிவிட்டு, அந்த விளமீனை வெட்டாமலே பெட்டிக்குள் திரும்ப வைத்தார்.